பிள்ளையை அறிந்த வேறொரு பெற்றோர்

இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தது. புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அம்மா அப்பா இருவரும் நேரில் வர வேண்டும் என்று பிரிக்பீல்ட்ஸ் பாலர் பள்ளியின் அலுவலகப் பெண் சொன்னார். ஐந்து வயது வகுப்பில் ஓர் இடம்தான் காலி. விண்ணப்பம் இரண்டு.

லோஜினி ஷா ஆலாமில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். நன்றி சொல்லிக் கைப்பேசியை வைத்த பிறகுதான் கையுறையைக் கழற்றாமலேயே பேசியிருப்பது தெரிந்தது. கழற்றிக் குப்பையில் போட்டாள். புதியதை மாட்டிக்கொண்டாள்.

மகள் ஆரணிக்காக அவள் ஒன்பது பாலர் பள்ளிகளைப் பார்த்து முடித்திருந்தாள். கணினியில் ஓர் அட்டவணை. தூரம், நேரம், ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், சாப்பாடு. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு ‘குணம்’. எட்டுப் பள்ளிகளுக்கு அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. நாங்கள் நற்பண்புகளை வளர்க்கிறோம் என்று எல்லாப் பள்ளியும் சுவரில் எழுதி வைத்திருந்தது. சுவரை எப்படி அளப்பது?

ஒன்பதாவது, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கட்டில் நடந்த பள்ளி. அவள் போன அன்று இரண்டு பிள்ளைகள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வாளிக்குச் சண்டை போட்டு, வாளி கவிழ்ந்து, தரையெல்லாம் தண்ணீர். ஆசிரியை யார் செய்தது என்று கேட்கவில்லை. மூன்று துணி கொண்டுவந்தார். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு மூன்றாவதோடு தாமும் மண்டியிட்டுத் துடைத்தார். பாதி துடைத்தபோது ஒரு பையன் தானாகவே, “நான்தான் தள்ளினேன்” என்றான். “அப்படியா,” என்றார் அவர். “அந்த மூலையில இன்னும் ஈரமா இருக்கு பாரு.” அவ்வளவுதான். பையன் மூலைக்குப் போனான்.

அன்று கிள்ளானுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில் லோஜினிக்குக் கண் கலங்கியது. ஒன்பதாவது வரிசையின் கடைசிக் கட்டத்தில் ஒரு குறி போட்டாள். மாமனார் கனகசபை மட்டும், சைவப் பிள்ளையைச் சர்ச்சுக்கு அனுப்பணுமா என்று இழுத்தார். பிறகு தாமும் பாதிரிமார் பள்ளியில் படித்தவர்தானே என்று தாமே முடித்துக்கொண்டார்.

கண் கலங்கியதற்குக் காரணம் இருந்தது.

ஏழு வாரத்துக்கு முன்பு, ஆரணி படிக்கும் கிள்ளான் பாலர் பள்ளியில் பிரேமினி என்ற சிறுமியின் கையை யாரோ கடித்துவிட்டார்கள். ஆசிரியை திரும்புவதற்குள் நடந்துவிட்டது. பிரேமினி அழுத அழுகையில் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் இருவர், ஆரணியும் காலேப்பும். காலேப்புக்குப் பேச்சுத் தாமதம். கோபம் வந்தால் பொருளைத் தூக்கி எறிவான். ஆரணியோ வாய் திறக்காத பிள்ளை. யாரும் யோசிக்கவே இல்லை, காலேப்தான் என்று முடிவு கட்டினார்கள். அன்று மாலை கடிபட்ட கையின் படம் வகுப்புப் பெற்றோரின் வாட்சாப் குழுவில் வந்தது. ஆளாளுக்கு எழுதினார்கள். இந்த மாதிரிப் பிள்ளையை எல்லாரோடும் விடலாமா என்று கேட்டார்கள். காலேப்பின் அம்மா பெர்னடெட் அந்தக் குழுவிலேயே மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் மகனைப் பிரேமினி வீட்டுக்குக் கூட்டிப்போய், முட்டி போட வைத்து, சாரி சொல்ல வைத்தாள். அந்த வாரமே பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள், குளிக்கும்போது, காலேப் ஏன் வரவில்லை என்று ஆரணி கேட்டாள். பிரேமினியைக் கடித்தானே, அதனால்தான் என்றாள் லோஜினி.

“அவன் இல்லம்மா. நான்.”

தலையில் சோப்பு நுரை. கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

லோஜினி உடனே நம்பவில்லை. மகளைத் தூங்க வைத்துவிட்டு, குழுவில் வந்த படத்தை விரலால் பெரிதாக்கினாள். மேல்வரிசையில் ஆறு பல் தடம், இடைவெளி இல்லாமல். காலேப்புக்கு முன்னிரண்டு மேல்பல் கிடையாது. சொத்தை பிடித்து ஜூன் மாதமே பிடுங்கியாயிற்று. அவன் சிரித்தால் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் தடத்தை எண்ணிப் பார்க்கவில்லை. கோபத்தில் இருந்தவர்கள் எண்ணவில்லை. பெர்னடெட் எண்ணவில்லை. அவமானத்தில் இருப்பவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை.

லோஜினி குழுவில் இரண்டு வரி எழுதினாள். அழித்தாள். மறுநாள் காலை ஆரணிக்குச் சப்பாத்து மாட்டிவிடும்போது, “நீ சொன்னத வேற யார்கிட்டயும் சொல்லாத, சரியா?” என்றாள்.

“சரி,” என்றாள் ஆரணி.

சொன்ன சொல்லைப் பிள்ளை காப்பாற்றியது. அதற்குப் பிறகு பள்ளியில் மேசைக்கு அடியில் போய் உட்கார ஆரம்பித்தாள். தினமும் காலையில், இன்று காலேப் வருவானா என்று கேட்டாள். வாரத்தில் இரண்டு நாள் உடை நனைந்தது. கிள்ளான் பள்ளி ஆசிரியை, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். லோஜினிக்குச் சரியாகும் என்று தோன்றவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாத ஓர் இடம், கூடவே யாரும் யாரையும் விரட்டாத ஓர் இடம் வேண்டும். ஒன்பதில் ஒன்றுதான் அப்படி இருந்தது.

புதன்கிழமை மாலை பெர்னடெட் கூப்பிட்டாள். ஏழு வாரத்தில் முதல் தடவை.

அவள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் தாதி. காலேப்பை வேறெங்கும் விட வழியில்லாமல் கிளினிக்கின் பின்னறையில் உட்கார வைத்திருக்கிறாளாம். பக்கத்திலேயே சர்ச் நடத்தும் பாலர் பள்ளி, நல்ல பள்ளி என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். நாளைக்கு அவனை இரண்டு மணி நேரம் வகுப்பில் உட்கார வைத்துப் பார்ப்பார்களாம். லோஜினி கைப்பேசியைக் காது மாற்றிப் பிடித்தாள். ஆரணியும் போன வாரம் அதே வகுப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தாள்.

“அந்த ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு லோஜினி. பிள்ளையை அறிந்த வேறொரு பெற்றோர்னு. நான் உன் பேரப் போட்டுட்டேன். கேக்காம போட்டதுக்குக் கோச்சுக்காத.”

“பரவால்லக்கா.”

“குரூப்ல எல்லாரும் ஏதாச்சும் எழுதினாங்க. நீ ஒருத்திதான் ஒண்ணும் சொல்லல. அத நான் மறக்க மாட்டேன்.”

லோஜினி அப்போதாவது சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம், நாங்களும் அதே இடத்துக்குத்தான் கேட்கிறோம் என்றாவது சொல்லியிருக்கலாம். பெர்னடெட், ஆரணியைக் காலேப் இன்னும் விசாரிக்கிறான் என்று சொல்லிவிட்டு வைத்தாள். ஆரணியின் விண்ணப்பத்தில் அதே கேள்விக்கு லோஜினி எழுதியிருந்தது பிரேமினியின் அம்மா உஷாராணியின் பெயரை. ஆரணி ரொம்பச் சாதுவான பிள்ளை என்று அவர் நல்லபடியாகவே சொல்லியிருப்பார்.

வியாழக்கிழமை வேலை முடிந்து கணவன் சஞ்சீவின் காரில் வரும்போது, கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகரவில்லை. பெர்னடெட் கூப்பிட்டதை அவள் சொன்னாள். சஞ்சீவுக்கு எல்லாம் தெரியும். குளியலறையில் நடந்ததை அன்றே அவனிடம் சொல்லியிருந்தாள்.

“நாலரை வயசு பிள்ளை லா. எல்லா பிள்ளையும்தான் கடிக்கும்,” என்றான்.

“காலேப்புக்கும் நாலரை வயசுதான்.”

“அவங்கம்மாவே ஒத்துக்கிட்டாங்க. முடிஞ்சு போன ஃபைல நீ ஏன் திரும்பத் தொறக்குற?”

“நடக்காதத ஒத்துக்கிட்டாங்க.”

அவன் முன்னால் நின்ற லோரியைப் பார்த்து ஹார்ன் அடித்தான். கெட்டவன் இல்லை. பயந்தவன். கடிக்கிற பிள்ளை என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அது எஸ்.பி.எம். பரீட்சை வரைக்கும் கூடவே வரும், சான்றிதழிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான், அந்தப் பையனைப் பற்றிக் கேட்டால் நல்ல பையன் என்று சொல், அது பொய் இல்லையே.

பொய் இல்லைதான். வீடு வந்து சேரும்வரை அந்த வாக்கியத்தை அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். நல்ல பையன் டீச்சர். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதில் பிழை இல்லை. மாதிரித் தண்ணீரை எடுக்கும்போதே தெளிந்த இடமாகப் பார்த்து எடுத்துவிட்டால் அறிக்கையிலும் பிழை இருக்காது. அப்படி எடுக்கிறவர்களை அவளுக்குத் தெரியும். அவர்களோடு அவள் மதியச் சாப்பாடு சாப்பிடுவதில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கே வந்துவிட்டார்கள். ஓர் ஆசிரியை ஆரணியை முற்றத்துக்குக் கூட்டிப்போனார். ஆரணி திரும்பிப் பார்க்காமல் போனாள். ஏழு வாரத்தில் அப்படிப் போனது இதுதான் முதல் தடவை. லோஜினி கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைமையாசிரியை அமுதவள்ளிக்கு அறுபது வயதிருக்கும். ரயில்வே குடும்பம், இதே பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. ஆரணியைப் பற்றி நல்லதாகச் சொன்னார். போன வாரம் பிஸ்கட் கொடுத்தபோது, கிடைக்காத பிள்ளை யாரென்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைத் தின்றாளாம். சஞ்சீவின் தோள் தளர்ந்தது. லோஜினியின் தோள் தளரவில்லை. மேசைமேல் இரண்டு கோப்பு இருந்தது. அவர் இரண்டாவதைத் திறந்தார்.

“இன்னொரு பிள்ளையோட ஃபார்ம்ல உங்க பேரு இருக்கு. உங்ககிட்ட கேக்குறது முறையில்லதான். ஒரே இடத்துக்கு ரெண்டு பேரும் கேக்குறீங்க. ஆனா அந்தம்மா குடுத்த ஒரே பேரு உங்களுது. நீங்களும் கேக்குறீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றாள் லோஜினி.

அமுதவள்ளி கோப்பிலிருந்த தாளைத் திருப்பினார். காலேப் ஒரு பிள்ளையைக் கடித்ததை அவன் அம்மா தாமாகவே எழுதியிருக்கிறார், யாரும் கேட்கவில்லை என்றார். அப்படி எழுதுகிற தாயைப் பார்ப்பது அபூர்வம், அதனால் தன் மனசு அந்தப் பக்கமே போகிறது, ஆனால் வகுப்பில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் ஆசிரியைகள் தயங்குகிறார்கள் என்றார். அவருடைய ஆள்காட்டி விரல் ஒரு வரியின் கீழே நின்றது. பெர்னடெட்டின் கையெழுத்து, பெரிய பெரிய எழுத்து. இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்தது.

“நேத்து ரெண்டு மணி நேரம் இங்க இருந்தான்,” என்றார் அமுதவள்ளி. “நான் பின்னால உக்காந்து பாத்தேன். நாலு தடவ சாரி சொன்னான். ஒரு தடவகூட அவன் ஒண்ணும் செய்யல. அந்தக் கோடியில யாரோ அடுக்கின கட்டை விழுந்துச்சு, இவன் இங்கேருந்து சாரிங்கிறான். ஒரு பிள்ளை தும்முது, சாரி. கடைசியா டீச்சர் பக்கத்துல வந்தாங்க. அவ்வளவுதான். அதுக்கும் சாரி சொல்லி, முட்டி போட்டுட்டான்.”

அமுதவள்ளி கோப்பை மூடினார்.

“கடிக்கிற பிள்ளைங்கள நெறைய பாத்திருக்கேன். அது ஒண்ணும் பெருசில்ல. இந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னுதான் புரியல. உங்களுக்கு என்ன தெரியும்?”

மேசைக்கு அடியில் சஞ்சீவின் முழங்கால் அவள் முழங்காலில் பட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

“நல்ல பையன் டீச்சர். வேற ஒண்ணும் எங்களுக்குத் தெரியாது.”

நேற்றுக் காரில் அவள் அத்தனை தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். அதன் பின்பாதியை மட்டும் அவன் சேர்த்துக்கொண்டான். அந்தப் பின்பாதி இல்லாமல் முன்பாதி நிற்காது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. முற்றத்திலிருந்து பிள்ளைகளின் சத்தம் வந்தது. அதில் ஆரணியின் குரல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தாள். பிரித்தறிய முடியவில்லை. சொன்னால் இந்த இடம் போய்விடும். திங்கட்கிழமை மேசைக்கு அடியில் உட்காரும் பிள்ளையை மறுபடியும் கிள்ளானில்தான் கொண்டுபோய் விட வேண்டும். அங்கேயும் இதைச் சொல்லியாக வேண்டும், ஆறு தடத்தையும் எண்ணாத அத்தனை பேரிடமும்.

“நேரமாகுது போலருக்கு,” என்று சஞ்சீவ் பாதி எழுந்தான்.

அவள் எழவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். முகத்தைப் பார்த்துப் பேசுவது அவளுக்கு எப்போதுமே கஷ்டம். இன்றைக்குப் பார்த்தாள்.

“அவன் கடிக்கல டீச்சர்,” என்றாள். “கடிச்சது எங்க ஆரணி. அவ என்கிட்ட சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னது நான்.”