குப்புற விழாத பறவை

அந்த வீட்டு முன்னறையில் தையல் மெஷின் இரண்டு, நூல் வெட்டும் சின்னக் கத்தரி ஒன்றே ஒன்று. வம்புக்கு வேறென்ன வேண்டும்? ஜன்னலோரம் அண்ணி, துணி வெட்டித் தைப்பவள். சுவரோரம் அவளுடைய நாத்தனார், பூவேலைக்காரி. நாக்கின் காரத்துக்காக வீடே அவளை மிளகா என்றுதான் கூப்பிடும். அவளும் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டாள்.

மிளகாவுக்குச் சில காலமாகப் பறவைப் பைத்தியம். துணியில் இறகு இறகாகப் பூவேலை போட்டு, துண்டுகளை மூட்டி, பஞ்சடைத்து, உருண்டு திரண்ட பறவையாக்குவாள். முதுகில் குண்டூசி குத்தலாம், இறக்கைக்கடியில் தையலூசி செருகலாம், வாலில் நூல் சுற்றலாம். எல்லாம் வாய்த்தது, நிற்பது மட்டும் வாய்க்கவில்லை. வைத்த கையை எடுத்ததும் அலகு மேஜையில் பட விழும்.

"தாகமா அதுக்கு?" என்பாள் அண்ணி.

மிளகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். நூல் கடைக்காரர் வேறு, "நிக்கிற பறவையா ஒண்ணு கொண்டா, கண்ணாடிப் பெட்டியில வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தார்.

கடைசியில் ஒரு நீலப் பறவை நின்றது. தட்டினாலும் அசையவில்லை. மிளகாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கென்று பார்த்து நூல்கத்தரியைக் காணோம்.

"உங்க கை பட்டா போதும் அண்ணி, எந்தச் சாமானுக்கும் கால் முளைச்சிடும்."

"நான் தொடவே இல்ல."

"அப்போ கத்தரி தானா நடந்து போச்சா? வேலையத் தவிர எல்லாத்துலயும் உங்களுக்குக் கண்ணு."

கடைசி வார்த்தை அதிகம்தான். அண்ணி தன் மெஷினின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினாள். "மாடியில ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு. நான் அங்க தைச்சுக்கறேன்."

போகட்டுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் மிளகா. ஆனால் அண்ணி போய்விட்டால், முடித்த பறவையை யாரிடம் காட்டுவது? யார் கேலி செய்வார்கள்? கேலி இல்லாத அறையில் அவளுக்கு ஒரு தையல்கூட ஓடாது. அது அவளுக்கே தெரியும்.

கடைக்கு எடுத்துப் போகுமுன் அழகுக்கு நாலு குண்டூசி குத்தலாமென்று பறவையைக் கையிலெடுத்தாள். முதல் ஊசி இறங்கியது. இரண்டாவது 'டிக்' என்று நின்றது. வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். பஞ்சுக்குள் இரண்டு வளையங்கள் விரலில் தட்டுப்பட்டன.

வால் மூலையில் பஞ்சு திணிக்க அவள் எப்போதும் மூடிய கத்தரியைத்தான் விடுவாள். விட்டதை எடுக்காமலே பஞ்சு திணித்த வாயைத் தைத்திருக்கிறாள். கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோதே உறைத்திருக்க வேண்டும். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதைதான். வால்பக்கம் கிடந்த கத்தரியின் கனம்தான் பறவை நின்ற ரகசியமும்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தாள். எதிரே அண்ணி கடைசித் திருகில் கை வைத்தாள். கமுக்கமாகக் கடைக்குப் போய்விடலாம். பறவை கண்ணாடிப் பெட்டியில் நிற்கும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மெஷின் மாடிக்குப் போய்விடும்.

எழுந்து போய்ப் பறவையை அண்ணியின் மடியில் வைத்தாள். "வயித்தத் தொட்டுப் பாருங்க அண்ணி. நான் பேசினது தப்பு."

அண்ணி தொட்டுப் பார்த்தாள். முகம் மாறவில்லை. ஊசிமுனையால் வாலடித் தையலைப் பிரித்துக் கத்தரியை உருவினாள். மேஜையில் வைத்ததும் பறவை குப்புற விழுந்தது. மிளகாவுக்கு அழுகை முட்டியது. அண்ணியோ வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"வாயத் தைக்காதே. ஓரம் மடிச்சு உறை மாதிரி விட்டுடு. கத்தரி உள்ள இருந்தா நிக்கும். எவளாவது எடுத்துட்டு வைக்கலைன்னா விழுந்து காட்டிக் கொடுக்கும்."

சொல்லிக்கொண்டே கழற்றிய திருகுகளைத் திரும்ப மாட்டினாள்.

நூல் கடைக்கு அதே மாதிரி இன்னொன்று போயிற்று. நீலப் பறவை இரண்டு மெஷினுக்கும் நடுவில் நிற்கிறது. அது குப்புறக் கிடந்தால் அண்ணி வாயே திறப்பதில்லை. மிளகாதான் முதல் வேலையாகத் தன் மடியைத் தடவிப் பார்க்கிறாள். கத்தரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.