கல்லை மாற்றி வைத்த ஞாயிறு

அந்த வீட்டில் சாயங்காலம் மீன்தொட்டியிலிருந்துதான் தொடங்கும். மேற்கு ஜன்னல் வெயில் தொட்டிக்குள் நுழைந்து, பச்சையாக வெளியே வந்து சுவரெல்லாம் அசையும். நாற்காலியும் அலமாரியும் தரையை விட்டு லேசாக எழும்பி நிற்பதாக ஒரு பிரமை. பல் செட் செய்யும் லேபில் நாளெல்லாம் பிளாஸ்டர் தூசியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு அந்த வெளிச்சமே பாதிக் குளியல்.

தொட்டியில் இருந்தது ஒரே ஒரு பேத்தை மீன். கட்டைவிரல் நீளம், உருட்டு விழி, துருத்திய பல். ஆறும் கடலும் கலக்கிற இடத்து ஜாதி. தண்ணீரில் உப்பு கூடினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், குறைந்தாலும் தூக்கி வைத்துக்கொள்ளும். பல் வளர்ந்துகொண்டே போகும் என்பதால் நத்தை ஓட்டைக் கடித்துக் கடித்துத் தேய்க்க வேண்டும். ஊரார் பல்லையெல்லாம் பார்க்கிறவள் இதன் பல்லை மட்டும் விட்டுவைப்பாளா? தினமும் ஒரு பார்வை உண்டு.

நாற்பது தாண்டித்தான் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் பஸ் டிரைவர். ரோட்டில் அத்தனை பெரிய வண்டியை அநாயாசமாக வளைக்கிற மனிதர், வீட்டுக்குள் டிக்கெட் எடுக்காமல் ஏறிவிட்டவரைப்போல ஓரமாக நின்றார். ஃபேன் போடலாமா, ஜன்னலைத் திறக்கலாமா, இந்தத் துண்டை இங்கே காயப்போடலாமா என்று எதற்கும் ஒரு கேள்வி. கல்யாணமாகி ஆறு மாதமாகியும் கேள்விகள் ஓயவில்லை.

பழி முழுக்க அவர்மேல் போடவும் முடியாது. அவர் சர்க்கரை டப்பாவை ஒரு சாண் தள்ளி வைத்தால், அடுத்த நிமிஷம் இவள் கை அதைப் பழைய இடத்துக்கு நகர்த்திவிடும். கோபம் ஒன்றும் கிடையாது. தனியாக இருந்து பழகிய கை, யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்யும். அவர் அதைப் பார்ப்பார், பேசாமல் இருப்பார்.

போன வாரம் பேசினார்.

"டிப்போ பக்கத்துல என் பழைய ரூம் இருக்குல்ல, அதை விடாம வச்சுக்கலாம்னு பார்க்கறேன். வாரத்துல நாலு நாள் அங்க தங்கிக்கிட்டா உங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

"உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயைத் தைத்துவிடலாமா என்று இருந்தது. நாலு நாள் ஐந்தாகும், ஐந்து ஏழாகும். அவர் போகக் கூடாது. சாப்பிடும்போது எதிரே ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வயதில்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் 'போகாதீங்க' என்ற ஒரு சொல் மட்டும் வெளியே வர மறுத்தது. திங்கட்கிழமை ரூம்காரரிடம் முடிவு சொல்வதாக இருந்தார்.

அதற்கு முன் அவருக்கு ஒரே ஒரு ஆசை. பேத்தை பாவம், ஒண்டியாகக் கிடக்கிறது, துணைக்கு ஏதாவது பார்க்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் மீன் கடைக்குப் போனார்கள்.

கடை முழுக்க அரையிருட்டு, குமிழிகளின் சத்தம். கண்ணாடிகளுக்குப் பின்னால் நிறங்கள் தூக்கத்தில் நடப்பதுபோல் போய்வந்தன. கடைக்கார அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வரன் பார்க்க உட்கார்ந்தாள். வெள்ளித் தட்டுபோல் மினுங்கிய மோனோ மீனை அவர் காட்டினார்; அது கூட்டமாக வாழும், வளர்ந்தால் தொட்டி போதாது என்று தள்ளினாள். விசிறி வால் கப்பி மீனைக் காட்டினார். பேத்தை ஒரே நாளில் வாலைக் கத்தரித்துவிடும் என்றாள். கடைசியில் அடியில் கிடந்த, கறுப்பும் மஞ்சளும் பட்டை போட்ட பொடி உளுவை மீன்களைக் காட்டினாள். உப்பும் ஒத்துப்போகும், தரையோடு ஒட்டிக் கிடக்கும், வம்புக்கு வராது. ஆனால் ஒரு காரியம் செய்தாக வேண்டும் என்றாள்.

"விடறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற கல்லையெல்லாம் இடம் மாத்திடுங்க. இல்லேன்னா பழைய மீன் தன் வீட்டுக்குள்ள எவனோ வந்துட்டான்னு துரத்தும். மாத்திட்டா அதுவும் புதுசா வந்த மாதிரி முழிக்கும். அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே வீடுதான்."

வீட்டுக்கு வந்ததும் அவள் முழங்கை வரை கையை உப்புத் தண்ணீரில் விட்டுக் கற்களைப் பெயர்த்தாள். குகை இடப்பக்கம் போனது, மரவேர் குறுக்கே படுத்தது. உளுவைகள் இறங்கி ஆளுக்கொரு பொந்து பிடித்தன. பேத்தை மட்டும் தன் மூலையைத் தேடிப் போய், அது இல்லாமல், திரும்பி வந்து, மறுபடி போனது. ஒரு உளுவையின் பக்கத்தில் நின்று அதையே வழி கேட்பதுபோல் பார்த்தது. துரத்தவில்லை.

பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்கியது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளோ. இந்த வீட்டில் ஒரு கல்லைக்கூட நான் அசைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

"என்னங்க," என்றாள், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுப்படியை எல்லாம் எறக்கிட்டு நீங்க அடுக்குங்க. உங்களுக்குத் தோணின மாதிரி. நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்."

அவர் நம்பவில்லை. இரண்டு தடவை கேட்டார். பிறகு உள்ளே பாத்திரங்கள் இறங்கும் சத்தம், தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் சத்தம், டப்பா உருளும் சத்தம். கை பரபரத்தது, அவள் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் சுவரை விட்டு இறங்கியபின் தாகம் எடுத்தது. அடுப்படிக்குள் போய், பழக்கத்தில் கையை உயர்த்தினாள். டம்ளர் இருக்க வேண்டிய இடத்தில் வடிகட்டி இருந்தது. கீழ்த்தட்டில் பார்த்தாள், இல்லை. சொந்த அடுப்படியில் திருதிருவென்று நின்றாள்.

"டம்ளர் எங்கங்க?"

அவர் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே ஜன்னல் பக்கத்துத் தட்டைக் காட்டினார். அவள் எடுத்து, தண்ணீர் பிடித்து, குடித்து, பழைய பழக்கத்தில் வடிகட்டி இருந்த தட்டிலேயே வைக்கப்போனாள்.

"எடுத்த இடத்துலயே வைங்க," என்றார் டிரைவர், கொஞ்சம் அதட்டலாகவே. "இப்பத்தான் எல்லாத்தையும் அடுக்கி வச்சிருக்கேன்."

"சரிங்க," என்றாள். டம்ளரை அலம்பி, ஜன்னல் பக்கத்துத் தட்டில், அவர் வைத்திருந்த அதே இடத்தில் கவிழ்த்தாள்.