அணிலுக்கு ஆறு மீசை

என்னைப் பூதக்கண்ணாடி என்பார்கள். நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலை ஏழிலிருந்து மதியம் மூன்று வரை நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, இருக்கக் கூடாதது ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதுதான் பிழைப்பு. மூன்று மணிக்குமேல் அந்தப் புத்தி தானாக நின்றுவிடுமா? கடைக்காரர் சிரித்துக்கொண்டே பையை நீட்டினால் அடியில் கிடப்பதைப் புரட்டிப் பார்ப்பேன். கணவர் சொல்லாமலே பாத்திரம் கழுவினால் என்ன உடைந்தது என்று கேட்பேன். பாதி நேரம் ஏதோ உடைந்துதான் இருக்கும்.

இந்தக் குணத்துக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் மொட்டைவால் ரசிகர் குழு. மொட்டைவால் ஒரு கார்ட்டூன் அணில். வால் பாதியோடு நின்றுபோனது, பிடிவாதக்காரன், எனக்கு உயிர். பதினோரு வருடமாக நாற்பதாயிரம் பேர் இணையத்தில் கூடி அவனைப் பற்றிச் சண்டை போட்டு வருகிறோம். ஒரு காட்சியில் அவன் முன்பல் கொஞ்சம் நீண்டுவிட்டது என்று மூன்று வாரம் அடித்துக்கொண்டோம். குழுவுக்கு இரண்டு நிர்வாகிகள்: நான், இன்னொருவர் பல் டாக்டர். சந்தேகப்படுவதில் அவர் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

அப்படிப்பட்ட குழு ஒரு விஷயத்தில் ஒற்றுமையாகிவிட்டது. அங்கேதான் எனக்கு மூக்கு வியர்த்தது.

ஊருக்கு வெளியே இருக்கும் கேளிக்கைப் பூங்காவில் மொட்டைவால் வரைகூடம் என்று புதிதாக ஒன்று திறந்திருந்தார்கள். உள்ளே நாற்பது மேசைகள். ஒவ்வொன்றிலும் அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை, ஒரு தாள், பென்சில், ரப்பர். மேடையில் ஒரு ஓவியர் மொட்டைவாலைப் படிப்படியாக வரைந்து காட்டுவார். மேசைக்கு மேசை அவன் கால் வைக்கும் இடம் மட்டும் கொஞ்சம் மாறும். வரைந்த தாள்களை வாங்கி உள்ளே கொண்டுபோவார்கள். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு படமும் மேசை எண்ணோடு பெரிய திரையில் இரண்டு நொடி நிற்கும். பிறகு நாற்பதும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, மொட்டைவால் ஓடிவந்து குதிப்பான். வெளியே போகும்போது தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வாசலில் கொட்டை எழுத்தில் பலகை: ‘உங்கள் கோடு உங்களுடையது. ஒரு புள்ளிகூட மாற்றமாட்டோம்.’

திறந்த மூன்றாம் மாதத்துக்குள் குழுவில் முன்னூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். "என் கையா இது! அழுதுட்டேன்." "நாப்பத்தெட்டு வயசுல எனக்கு வரைய வரும்னு தெரிஞ்சுக்கிட்டேன்." "எங்க வீட்டுக்காரர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிட்டார்." எல்லோரும் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கும் புகைப்படங்கள். ஒரு குறை இல்லை. பென்சில் மொட்டை என்றுகூட யாரும் சொல்லவில்லை.

நானும் போனேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் மொட்டைவாலும் அழகாகத்தான் திரையில் நின்றான். அந்தத் தாளைப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கிக்கு நேர் மேலே ஒட்டிவைத்து, கேட்டவர்களிடம் "நான் வரைஞ்சதுதான்" என்றேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். எனக்குள் ஒரு ஓவியர் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தார் என்று நான்கு நாள் உண்மையாகவே நம்பினேன்.

ஐந்தாம் நாள் பழைய புத்தி திரும்பியது. குழுவில் எழுதினேன்: "முன்னூறு பேர் போயிருக்கோம். ஒருத்தர் கூடவா கோணலா வரையல? எனக்கு இது சரியாப் படல." எழுதிய இரண்டாவது நிமிடம் பல் டாக்டர் வந்து குதித்தார்: "நானும் அதையேதான் நினைச்சேன்."

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை அங்கே ஆரம்பிக்கிறது. ஏனென்றால் அந்த வரைகூடத்தில்தான் என் தம்பிக்கு வேலை.

அவன் ஒரு கார்ட்டூன் நிறுவனத்தில் ஒன்பது வருடம் வரைந்தவன். அதை மூடிவிட்டார்கள். அதன்பின் இரண்டு வருடம் எங்கள் வீட்டு முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். தாடியைக்கூட எடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கலக்கா" என்பான், நான் அந்தப் பக்கம் போனதும் தட்டைக் காலி செய்துவிடுவான். அப்படிக் கிடந்தவன் இந்த வேலை கிடைத்த அன்று முகச்சவரம் செய்துகொண்டு வந்து நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. உள்ளறையில் தாள்களை வரிசைப்படுத்திப் படம் பிடிக்கும் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு. அதற்காகப் பூங்காக்காரர்கள் எங்கள் குழுவைத் தினமும் படிக்கிறார்கள் என்று அவன்தான் சொன்னான். இந்த மாதக் கடைசியில் கெடு.

பூங்காவின் கணினிதான் ஏதோ பித்தலாட்டம் செய்கிறது, தம்பி பாவம் தாள் அடுக்குகிறவன் என்று நினைத்திருந்தேன். அடுத்த நாள் மதியம், வேலை ஓய்ந்த நேரத்தில், குழுவில் வந்த புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டைவாலின் வயிற்றில் ரோமத்துக்குச் சின்னச் சின்னக் கோடு போட வேண்டும். வலது கைக்காரர் போட்டால் கோட்டின் தலை வலப்பக்கம் சாயும். எண்பது படம் பார்த்தேன். பதினொன்றில் கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பதினொன்றும் ஒரே சாய்வு, ஒரே நீளம், நுனியில் ஒரே மாதிரி மெலிவு.

என் தம்பி இடது கைக்காரன்.

மேலே ஒட்டியிருந்த என் தாளை நிமிர்ந்து பார்க்கவே எனக்கு விருப்பமில்லை. பார்த்தேன். இடப்பக்கம்தான் சாய்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே பிடித்துக்கொண்டேன். "கையைக் காட்டு."

"எதுக்குக்கா?"

"காட்டுடா."

இடது உள்ளங்கையின் ஓரம், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, பென்சில் கரி பளபளவென்று ஏறியிருந்தது. தாள் அடுக்குகிறவன் கையில் கரி எப்படி வரும்?

அவன் மழுப்பவில்லை. செருப்பு ஒன்று காலிலும் ஒன்று கையிலுமாக அப்படியே உட்கார்ந்தான்.

"முதல் வாரம் ஒரு பெரியவர் தனியா வந்தாருக்கா. நல்ல உயரம், நல்ல உடம்பு. நாக்கைக் கடிச்சிக்கிட்டு வரைஞ்சார். திரையில வந்தப்போ கூடமே சிரிச்சிடுச்சு. கெட்ட எண்ணத்துல இல்ல, சும்மா சிரிச்சாங்க. அவரும் கூடச் சிரிச்சார். ஆனா போறப்போ தாளை வாங்கிக்காமலே போயிட்டார். அந்தத் தாள் ரெண்டு நாள் என் மேசையில கிடந்துச்சு."

"அதுக்கு?"

"ஒரு ஆட்டத்துக்கு நாப்பது தாள்ல அஞ்சோ ஆறோ. ரொம்பக் கோணலா இருக்கறதை மட்டும் ஒரு இழுப்பு இழுத்து விடுவேன். கொஞ்சம்தான்க்கா. அவங்களுக்கே தெரியாது. அவங்க கோடுன்னுதான் நினைப்பாங்க."

"வாசல்ல என்னடா எழுதியிருக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா வேலை போகும். அதுவும் தெரியுமா?"

அவன் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தான். நெருப்பைப் பற்ற வைத்தது நானே; அது என் வீட்டு முன்னறைக்குத்தான் வந்து நிற்கப்போகிறது.

அதற்குள் பல் டாக்டர் திட்டம் போட்டுவிட்டார். சனிக்கிழமை பதினொரு மணி ஆட்டத்துக்கு அவர், நான், குழுவில் இருக்கும் கணக்கு டீச்சர், மூவரும் போவது. ஒவ்வொருவரும் வேண்டுமென்றே ஒரு தப்போடு வரைவது. என்ன தப்பு என்று சீட்டில் எழுதி, ஒருவருக்கொருவர் காட்டாமல், அவருடைய மாத்திரை உறைகளில் போட்டு ஒட்டிவிடுவது. தாள் திரும்பி வந்ததும் பிரித்துப் பார்ப்பது. தப்பு திருத்தப்பட்டிருந்தால் அங்கேயே படமெடுத்துக் குழுவில் போட்டுவிடலாம். "கையும் களவுமாப் பிடிச்சிடலாம்," என்றார். குரலில் அப்படி ஒரு குஷி. வேறு எங்காவது என்றால் நானும் அதே குஷியில் இருந்திருப்பேன்.

சனிக்கிழமை காலை, அவன் காபி குடிக்கும்போது சொன்னேன். "இன்னிக்குப் பதினொரு மணி ஆட்டத்துல எதையும் தொடாதே."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "வர்றாங்களா?"

"கேக்காதே. சில தாள்ல அடையாளத்துக்கு வேணும்னே ஒரு தப்பு இருக்கும். எவ்வளவு கோணலா இருந்தாலும் கை வைக்காதே. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தான். பிறகு மெதுவாக, "உன்னோட அடையாளம் என்னக்கா?" என்றான்.

அதை மட்டும் சொல்லவில்லை. பதினோரு வருடம் நம்பியவர்களை முதுகில் குத்தியாகிவிட்டது. இன்னும் ஆழமாக வேண்டாம் என்று ஏதோ ஒரு நேர்மை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் பாதித் தொல்லை இல்லை.

பதினேழாம் மேசை எனக்கு. மொட்டைவாலுக்கு மீசை பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு. நான் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஐந்து போட்டேன். பக்கத்து மேசையில் பல் டாக்டர் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறவரைப் போல வரைந்தார். தாள்கள் உள்ளே போயின. அந்தக் கதவுக்குப் பின்னால் என் தம்பி. அந்தப் பத்து நிமிடத்தில் நான் எத்தனை தடவை தண்ணீர் குடித்தேன் என்று கணக்கில்லை.

திரை எரிந்தது. கோணலான படங்கள் கோணலாகவே வந்தன. பதினைந்தாம் மேசை டீச்சருடையது. அணிலின் கையில் நாலுக்குப் பதில் ஐந்து விரல். பதினாறு டாக்டருடையது, இரண்டு பல்லுக்கு நடுவில் மூன்றாவது பல் ஜம்மென்று நின்றது. கூடம் சிரித்தது. டாக்டர் ஏமாந்து போன முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா, தொடவில்லை.

பதினேழு வந்தது. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று.

வெளியே நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டாக்டர் உறைகளைக் கிழித்தார். அவருடையது சரி. டீச்சருடையது சரி. என்னுடையதைப் பிரித்து உரக்கப் படித்தார். "மீசை. இடப்பக்கம் ரெண்டு, வலப்பக்கம் அஞ்சு." கையை நீட்டினார். "உங்க தாள்?"

கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். பல் பார்க்கிற கண், விடுமா? "இங்க அழிச்சிருக்கு. பள்ளம் தெரியுது." கைபேசியை எடுத்துவிட்டார். "மாட்டிக்கிட்டாங்க. நான் சொன்னேன்ல?"

"நான்தான் அழிச்சேன்," என்றேன்.

"என்னது?"

"சீட்டுல எழுதின மாதிரியே வரைஞ்சேன். வரைஞ்சுட்டுப் பார்த்தா சகிக்கல. ரெண்டும் அஞ்சுமா, பாவம், மொட்டைவால். மனசு கேக்கல. அழிச்சிட்டு மூணு மூணாப் போட்டுட்டேன்."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான்தான் மற்றவர்களை அப்படிப் பார்த்துப் பழக்கம். "நீங்களா?" என்றார்.

"நானும் மனுஷிதானே."

டீச்சர் சிரித்தார். "விடுங்க டாக்டர். எனக்கே அஞ்சாவது விரல் போடறப்போ கை கூசிச்சு."

பல் டாக்டர் கைபேசியைப் பையில் வைத்தார். அன்று மதியமே பதிவு போட்டார்: "சோதித்தோம். கோடுகளில் யாரும் கை வைக்கவில்லை. சோதனையில் தோற்றது நம் பூதக்கண்ணாடி மட்டும்." முழுக் கதையும் கீழே. தொள்ளாயிரம் பேர் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் என் பட்டப்பெயர் ‘ரப்பர்’ ஆகிவிட்டது. இனி எந்தப் பல் நீளம் என்று நான் சொன்னாலும் "நீங்க அழிச்சிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள். பொய் சொன்னது தப்பு. அது உறுத்துகிறது, ஆனால் பூதக்கண்ணாடி என்ற பெயர் போனதுதான் இன்னும் கூடுதலாக வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தாளை அவன் மடியில் எறிந்தேன். "சத்தியம் பண்ணினியே! என்னடா செஞ்சு வச்சிருக்கே?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அவங்க ரெண்டு பேரோடதையும் தொடலக்கா. மூணு பல்லைப் பார்த்ததுமே அது அடையாளம்னு தெரிஞ்சுது. அஞ்சு விரலும் அப்படித்தான். விட்டுட்டேன்."

"என்னோடது?"

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னோடதை அடையாளம்னு நினைக்கலக்கா."

"ஏன்?"

"நீ எப்பவும் அப்படித்தான் வரைவே."

அவன் மடியிலிருந்த தாளை எடுத்து மீசையை மறுபடி எண்ணினேன். "போன தடவை எத்தனை போட்டிருந்தேன்?"

"இடப்பக்கம் ஒண்ணு. வலப்பக்கம் நாலு." தயங்கிவிட்டுச் சொன்னான். "எல்லார் முன்னாடியும் உன்னோடது திரையில வரும். அந்தக் கூடம் உன்னைப் பார்த்துச் சிரிக்கறதை நான் உள்ள உக்காந்து கேக்கணும். சத்தியம் ஞாபகம் இருந்துச்சுக்கா. கைதான் கேக்கல."

இனிமேல் யாருடைய தாளையும் தொடுவதில்லை என்று மறுபடியும் ஒரு சத்தியம் வாங்கினேன். அவனும் கண்ணைப் பார்த்துத்தான் செய்தான்.

மாதக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் மணியை விடாமல் அழுத்தினான். கதவைத் திறந்தால், முகமெல்லாம் பல். நிரந்தரமாகிவிட்டது. கடிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினான். நான் கடிதத்தைப் பார்க்குமுன் அதைப் பிடித்திருந்த இடது கையைத்தான் பார்த்தேன். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை பளபளவென்று கரி.

அவனும் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான். சிரிப்பு அப்படியே நின்றது.

"கையைக் கழுவிட்டு வா," என்றேன். "சாப்பிடலாம்."