ஸ்கோப்பில் தெரிந்த களவு

லோகநாதன் ஆஸிலோஸ்கோப் வாங்கின கதையைச் சொன்னால் பெண் பார்த்த கதை மாதிரி இருக்கும். மூன்று மாதம்! ஐம்பது மெகாஹெர்ட்ஸ் போதுமா நூறு வேண்டுமா, இரண்டு சேனலா நான்கா, காயலான் கடையில் பழசைத் தேடுவதா புதுசே எடுப்பதா என்று வீடியோ பார்த்துப் பார்த்தே கண் சிவந்துபோனான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் அவனுக்கு வேலை. அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் நாள் முழுக்கத் தொழில். பட்டாபிராம் வீட்டுக்கு வந்ததும் ரேடியோ, சார்ஜர், ஆம்ப்ளிபயர் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவது பொழுதுபோக்கு.

"எனக்கு ஒரு பொடவ எடுக்க பத்து நிமிசம் நிக்க மாட்ட. இதுக்கு மூணு மாசமா?" என்றாள் மனைவி திவ்யா.

"மீட்டர் வெறும் நம்பர்தான் சொல்லும். இது கரண்டு எப்டி ஆடுதுன்னு படமாவே போட்டுக் காட்டும்டி. பொய்யே சொல்லாது" என்றான் லோகநாதன்.

வந்து இறங்கிய அன்றே அதற்கு வேலையும் வந்தது. பக்கத்து வீட்டுத் தாயம்மாள் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சத்தம் வருது தம்பி, படம் இருட்டா கீது. பத்து நாள் மின்னாடிதான் வரதன் ரிப்பேர் பண்ணிக் குடுத்துச்சி. மறுபடியும் புட்டுக்கிச்சி."

வரதன், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். லோகநாதனும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். டிவியின் பவர் போர்டில் கெட்டுப்போன கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருந்தான். கெப்பாசிட்டரின் வேலை மின்சாரத்தை ஆடாமல் அசையாமல் வைப்பது. அது ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கோப் இருக்கிறதே!

கருவியோடு வந்த, ஒயர் நுனியில் பேனா மாதிரி இருக்கிற புரோப்பின் ஊசி முனையைப் போர்டில் தொட்டான். அடியில் நிலையாக நிற்கும் பன்னிரண்டு வோல்ட்டை ஒதுக்கிவிட்டு, அதன் மேல் ஆடுகிற ஆட்டத்தை மட்டும் காட்டும்படி ஸ்கோப்பை வைத்திருந்தான். திரையில் அலை எகிறிக் குதித்தது. அறுநூறு மில்லிவோல்ட்! அறுபது இருந்தால் சரி, நூறு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அறுநூறு என்றால் அது கெப்பாசிட்டரே இல்லை, வெறும் டப்பா.

"பழசக் கழுவிப் புதுசுன்னு போட்டு அனுப்பிட்டான்" என்றான் லோகநாதன். கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் அந்தக் குரலில். புதுக் கருவி முதல் நாளே திருடனைப் பிடித்துவிட்டதல்லவா!

அதோடு விட்டானா? திரையைப் போட்டோ எடுத்து, அக்கம்பக்கத்துக்காரர்கள் இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். 'வரதன் கடையில் டிவி கொடுத்தவர்கள் உஷார். போலி கெப்பாசிட்டர். ஆதாரம் படத்தில்.' கட்டை விரலும் கைதட்டலும் வந்து குவிந்தன. "நம்ம டிவியையும் ஒரு தபா பாருங்க சார்" என்று நாலு பேர் போன் செய்தார்கள். இரண்டு நாள் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தான். மூன்றாம் நாள் வரதன் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதையும் பார்த்தான். "வேணும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர்க்கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றும்போது, சும்மா இருக்காமல் புதுப் பென்சில் செல்லில் புரோப்பை வைத்துப் பார்த்தான். ஒன்றரை வோல்ட் காட்ட வேண்டும். பதினைந்து காட்டியது.

புரோப்பைத் திருப்பிப் பார்த்தான். புரோப்பின் கழுத்தில் நகத்தளவு ஒரு சுவிட்ச் உண்டு. பத்தில் வைத்தால் வருகிற வோல்ட்டைப் பத்தில் ஒரு பங்காக்கி அனுப்பும். ஸ்கோப் அதைப் பத்தால் பெருக்கிச் சரியான கணக்கைக் காட்டும். ஸ்கோப் பெருக்கிக்கொண்டுதான் இருந்தது. புரோப் சுவிட்சோ ஒன்றில் இருந்தது. அப்படியென்றால் அன்றைக்குத் தாயம்மாள் டிவியில் ஆடியது அறுபது. வெறும் அறுபது! ஆட்டத்தை மட்டும் பார்க்காமல் முழு வோல்ட்டையும் பார்த்திருந்தால் நூற்றிருபது என்று காட்டி, அங்கேயே குட்டு உடைந்திருக்கும். புரோப்பை முதலில் ஸ்கோப்பின் முகப்பில் இருக்கிற சோதனைக் கம்பியில் மாட்டிப் பார் என்பது இந்தப் படிப்பின் முதல் பாடம். மூன்று மாதம் படித்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். அவசரம்.

இன்னும் சரிசெய்யாமல் கிடந்த தாயம்மாள் டிவியை மறுபடி பிரித்தான். படத்துக்கு வெளிச்சம் தருகிற பட்டையில் ஒரு சின்ன விளக்கு கருகியிருந்தது. வரதன் தொட்ட இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"போய் சொல்லிடு" என்றாள் திவ்யா.

"நாளைக்கு."

அந்த நாளை ஒன்பது நாள் ஆனது. வரதன் கடை வாசலைத் தாண்டக் கூச்சப்பட்டுக் குறுக்குத் தெருவாகச் சுற்றிப் போய்த் தினமும் ரயிலை விட்டான். போனை எடுத்து, 'அளவீட்டு முறையில் ஏற்பட்ட சிறு வேறுபாடு காரணமாக' என்று அடிப்பான், அழிப்பான். சிறு வேறுபாடாம்! ஒரு மனுஷனை ஊர் முன்னால் திருடன் என்று சொல்லிவிட்டு, மன்னிப்பில்கூட ஆபீஸ் பாஷை. தன்மேலேயே அவனுக்குக் காறித் துப்பத் தோன்றியது.

பத்தாம் நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனான். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு. உள்ளே மேசை தெரியாமல் போர்டுகள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி வீட்டுக்காரர் பேர் எழுதியிருந்தது. வரதன் குனிந்து கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"வாடா லோகு. உன்னியதான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான். குரலில் கோபமே இல்லை. "நீ படம் போட்டது நல்லதாப் போச்சி. எங்கிட்ட அந்த மாதிரி மிஷின் ஏது? மீட்டர நம்பிப் போட்டுட்டேன். சரக்கே டூப்பு போல. ஒரு வருசமா எந்தெந்த ஊட்டுக்குப் போட்டேனோ அத்தினி ஊட்டுக்கும் போய்க் கழட்டிக்கினு வந்துட்டேன். வேற சரக்கு போட்டுக் குடுத்துட்டாதான் எனக்குத் தூக்கம் வரும்."

"வரதா..."

"ரிச்சி தெருவுல பார்ட்ஸ் கடை வச்சிக்கினு சபீனாக்கா கீறாங்கல்ல, பன்னெண்டு வருசமா அவங்க கைலதான் சரக்கு எடுக்கறேன். நேரா போய், கடையில ஆளுங்க நின்னுக்கினு இருக்கும்போதே, அவங்கள திருடின்னு சொல்லிட்டேண்டா. அவங்க அந்த சரக்கு டப்பாவ எடுத்து உள்ள வச்சாங்க."

லோகநாதன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பென்சில் செல், நகத்தளவு சுவிட்ச், அறுநூறு இல்லை அறுபது, கருகின விளக்கு, ஒன்பது நாள் ஒளிந்துகொண்டது வரைக்கும்.

வரதன் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தான். "அப்போ நான் போட்டது நல்ல சரக்கா?"

"நல்லதுதான்."

"என் வேலை கரெக்டா?"

"கரெக்டுடா."

வரதன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. "உன் ஊட்டுக்கும் என் கடைக்கும் ரெண்டு தெருதானேடா! போட்டோ போடறதுக்கு மின்னாடி, இன்னாடா வரதா இதுன்னு ஒரு வார்த்த வந்து கேட்டிருந்தா இன்னா கொறஞ்சி போயிருப்ப?"

"இப்பவே குரூப்ல போட்டுடறேன்" என்று லோகநாதன் போனை எடுத்தான்.

"அது கெடக்கு. மொதல்ல இது." வரதன் தன் போனில் ஒரு எண்ணைத் தட்டி லோகநாதன் கையில் திணித்தான். "அக்காகிட்ட நீ சொல்லு. எனக்கு அவங்ககிட்டப் பேச மூஞ்சி இல்ல."

இரண்டாவது மணியிலேயே சபீனா எடுத்துவிட்டாள்.

"வரதா! நீ போன் பண்ணுவேன்னு தெரியும்பா. இன்னும் கோவமா கீறியா? நீ சொன்ன அன்னிக்கே அந்த சரக்கு மொத்தத்தையும் ஒடச்சிக் குப்பையில போட்டுட்டேன். வேற எவன் சொல்லியிருந்தாலும் சண்டைக்கு நின்னிருப்பேன். பன்னெண்டு வருசத்துல நீ ஒரு தபாகூடத் தப்பா சொன்னதில்லியே. என்னியதான் எவனோ ஏமாத்திட்டான். அக்காவ மன்னிச்சிடுப்பா."

லோகநாதன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். எதிரே வரதன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா, லைன்ல கீறியா?"

"நான் வரதன் இல்லக்கா" என்றான். "உங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்க யாருகிட்டயும் மன்னிப்பு கேக்காதீங்க. அவன் மேலயும் தப்பில்ல, உங்க சரக்கு மேலயும் தப்பில்ல. எல்லாம் நான் பண்ணது."

"மொதல்லேந்து சொல்லு" என்றாள்.