கோல்பியின் பலகை ஏன் கழன்றது

புதுப்பனி விழுந்த காலையில் எங்கள் ஊரில் யாரையும் நம்பக் கூடாது. பல் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு மலைக்குச் சறுக்கப் போய்விடுவார். புருஷன் பெண்டாட்டிக்காகக் காத்திருக்க மாட்டான். மலை உச்சிக்கு ஏற்றிவிடும் லிஃப்டின் முதல் நாற்காலியில் யார் ஏறினார்கள் என்பதுதான் வெர்மாண்டில் அன்றைக்குப் பெரிய கௌரவம். அப்படி ஒரு காலையில்தான் என் தம்பி கோல்பி ஸ்னோபோர்டில், அந்தச் சறுக்குப் பலகையில், இறங்கும்போது, முன்கால் பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் பிடி கழன்று வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக ஒடிந்தது.

அன்றிலிருந்து அவன் என் வீட்டு சோபாவில் கிடக்கிறான். குழந்தைகளுக்குப் பலகையில் சறுக்கச் சொல்லிக்கொடுப்பவன். இப்போது கழிப்பறைக்குப் போகவே என் தோள் வேண்டும். முப்பது வயசுத் தடியனைத் தாங்கித் தாங்கி எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அதைவிட எரிச்சல், அவன் வாயே திறக்காதது.

அவனுக்கும் சேர்த்து என் கணவன் டுவெயின் பேசினான்.

"பிடி தானா கழண்டு வருமாம், செஞ்சவனைச் சும்மா விடறதா? நாளைக்கு வக்கீல் வரார். கோர்ட்டுல இழுத்து நாறடிச்சிடணும்."

"நாறடிக்கணும்," என்றேன் நானும். அந்தக் கம்பெனி மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். கோல்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று மதியம் பக்கத்து வீட்டுப் பிரென்னா வந்தாள். எங்கள் ஊரில் யாராவது படுத்துவிட்டால் அக்கம்பக்கத்திலிருந்து மக்ரோனி வந்து குவிந்துவிடும். எங்கள் ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே இடமில்லை. இன்னொரு தட்டு மக்ரோனியோடு மகள் மேவிஸையும் கூட்டி வந்திருந்தாள். கோல்பியின் வகுப்பிலேயே வேகமாக இறங்குகிற எட்டு வயசு வாலு அது. அன்றைக்கு அம்மாவின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றது.

"இவ மலைக்கே வர மாட்டேங்கறா கோல்பி," என்றாள் பிரென்னா. "இவளோடதும் அதே கம்பெனிப் பிடிதான். வேற வாங்கித் தரேன்னாலும் வேண்டாங்கறா."

"எல்லாமே கழண்டுடும்," என்றாள் மேவிஸ். "உங்களுக்கே கழண்டுடுச்சே. நீங்கதான் எல்லாரையும் விட நல்லா ஓட்டுவீங்க."

"பாத்தீங்களா, குழந்தைக்குக்கூடத் தெரியுது," என்றான் டுவெயின். "இதையும் வக்கீல்கிட்ட சொல்லணும்."

கோல்பியின் முகம் வெளுத்துவிட்டது. வலிக்கிறது போலிருக்கிறது என்று மாத்திரை எடுக்க எழுந்தேன்.

"உக்காரு வெர்னா," என்றான். பிறகு மேவிஸைப் பார்த்துச் சொன்னான்: "அது தானா கழலல. நான்தான் சரியா மாட்டல."

பனி ஆழமாக இருந்தால் பலகையின் மூக்கு புதையாமல் இருக்க, பிடிகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டுவார்கள். அன்று கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அதைத்தான் செய்திருக்கிறான். பின்கால் பிடியை ஒழுங்காக முடுக்கினான். முன்கால் பிடிக்கு வரும்போது லிஃப்ட் வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. ஸ்க்ரூக்களை விரலால் திருகிவிட்டு, மீதியை மேலே போய் முடுக்கிக்கொள்ளலாம் என்று ஓடியிருக்கிறான். மேலே போய் யாரும் மிதிக்காத பனியைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"முதல் நாற்காலி கிடைச்சுதா?" என்று கேட்டான் டுவெயின். என் கணவன் அப்படித்தான்.

"கிடைச்சுது."

மேவிஸ் கோட்டை விட்டு வெளியே வந்தாள். "ஏறறதுக்கு முன்னாடி பிடியை ஆட்டிப் பாருங்கன்னு எங்களைத் தினம் படுத்துவீங்களே! நீங்க பாக்கலையா?"

"பாக்கல."

"ஆட்டிப் பாக்கலேன்னு என்னை ஒரு தடவை வரிசையை விட்டே வெளிய அனுப்பினீங்க!"

"அனுப்பினேன். தப்பு என் மேலதான் மேவிஸ். உன் பிடி நல்ல பிடி."

"டேய், இதை வெளிய சொன்னேன்னு வை, கேஸும் போச்சு, வேலையும் போச்சு," என்று டுவெயின் குதித்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் கோல்பியின் வாயைக் கட்டிப்போட்டது அந்த வேலைதான். அதை விட்டால் அவனுக்கு வேறொன்றும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. பாவமாக இருந்தது. ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது.

"வக்கீலுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றான் டுவெயின்.

"வர வேண்டாம்னு சொல்லு," என்றேன். "வந்தே தீருவேன்னா மக்ரோனி நிறைய இருக்கு, தின்னுட்டுப் போகட்டும்."

கோல்பி ஃபோனை எடுத்தான். அவன் வேலை பார்க்கும் பயிற்சிப் பள்ளியை நடத்தும் ரோண்டாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் அதையே திரும்பச் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ரோண்டா கேட்டாள்: "இது தெரிஞ்சப்பறம் எந்த அம்மா உன்னை நம்பிப் பிள்ளையை அனுப்புவா கோல்பி?"

பிரென்னாவை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நான் அனுப்புவேன்," என்று ஃபோன் பக்கம் குனிந்தாள் அவள். "மேவிஸோட அம்மா பேசறேன் ரோண்டா. இனிமே இவன் ஒரு ஸ்க்ரூவைக்கூட விட மாட்டான்."

"முதல்ல கால் சேரட்டும்," என்றாள் ரோண்டா கடைசியில். "அடுத்த டிசம்பர்ல வா. கொஞ்ச நாளைக்கு உன் வகுப்பு பின்னாலேயே நானும் வருவேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது, சரியா?"

கோல்பி தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"தலையாட்டறான், தலையாட்டறான்!" என்று நான்தான் ஃபோனைப் பார்த்துக் கத்தினேன்.

மேவிஸ் அதற்குள் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"அம்மா, சீக்கிரம் வா! நாலு மணிக்கு லிஃப்டை நிறுத்திடுவாங்க."