பேண்டு உள்ள பள்ளிக்கூடம்

வெள்ளிக்கிழமை மதியம் டெல்சி நெய்மீன் துண்டுகளுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் மகள் ரெமிஷா மவுத்பீஸை ஊதிக்கொண்டிருந்தாள். டிரம்பெட்டின் நுனியில் செருகுகிற சின்ன வெள்ளிக் குமிழ் அது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அதை மட்டும் தனியே உதட்டில் வைத்து ஊதினால் பாட்டு வராது. ஜன்னல் கண்ணாடிக்கும் திரைச்சீலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஒரு சத்தம் வரும், ஏறும், இறங்கும். டிரம்பெட் அவள் பள்ளிக்கூடம் வாடகைக்கு எடுத்தது. சென்ற வருடம் அங்கே பேண்டை நிறுத்திவிட்டார்கள். பேண்டு அறை ரோபோ செய்யும் அறையாகிவிட்டது. வாத்தியங்கள் வாடகைக் கடைக்குத் திரும்பிப் போயின. அதற்கு முன்பே ரெமிஷாவின் பிறந்தநாளுக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்த மவுத்பீஸ் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

அந்தச் சத்தம் டெல்சிக்குக் கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஏசி ஓடுவது கேட்பதில்லை, கீழே பணிமனைத் தெருவில் லாரி பின்வாங்குவது கேட்பதில்லை, அதுபோல. பிப்ரவரியிலிருந்து பல விஷயங்கள் இப்படித்தான் ஆகியிருந்தன. சாப்பாட்டில் உப்பு கூடியிருப்பதை மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். எண்ணெய் தெறித்தால் மறுநாள் மணிக்கட்டில் சிவப்புப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் தெறித்தது தெரிந்தது. நர்ஸாக வேலை பார்க்கும் கிளினிக்கில் ஊசி போடும்போது மட்டும் கை பழையபடியே இருந்தது. குழந்தைகள் அழுவதற்கு முன்பே முடித்துவிடுவாள்.

வாசல் கதவு திறந்தது. கணவன் ஜான் பீட்டர் அந்த வளைகுடா நாட்டின் இன்னொரு ஊரான ருவைஸில் ஆலை ஒன்றில் பம்பு மெக்கானிக். வாரம் முழுக்க அங்கே கம்பெனி அறையில் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் முசஃபாவில் இருக்கும் இந்த வீட்டுக்கு வருவான். பையைச் சுவரோரம் வைத்தான். ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான்.

"டெல்சி, இது சாவு மார்ச்சுல்லா?"

"எது?"

"அவ ஊதுதது. உங்கப்பாவ எடுக்கும்போது லைவ்ல பேண்டு வாசிச்சதுல்லா இது."

டெல்சி மசாலாக் கையோடு திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்தாள். வண்டு மேலே ஏறி, ஒரு கணம் நின்று, மெதுவாக இறங்கியது.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. பிப்ரவரியில் அவள் அப்பா இறந்த அன்று, காலையிலேயே அண்ணன் கிளிட்டஸ் ஊரிலிருந்து போட்டிம் ஆப்பில் கூப்பிட்டுக் கேட்டார். "வாரியாட்டி? வாரன்னா சொல்லு, ஐஸ் பெட்டில வச்சிருப்போம். நாளைக்கி சாயங்காலம் எடுப்போம்." அவள் யோசிக்கக்கூட இல்லை. "எடுத்துருங்கண்ணே," என்றாள். கிளினிக்கில் இரண்டு நர்ஸுகள் ஏற்கெனவே லீவில் இருந்தார்கள். திருவனந்தபுரம் இறங்கி ஊர் போய்ச் சேர மறுநாள் ஆகும். அண்ணனுக்கு அலைச்சல். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னபோது அவற்றில் ஒன்றுகூட அவள் மனதில் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன.

ஊரில் இப்போது எல்லாச் சாவுக்கும் ஸ்டூடியோக்காரர் நேரலை போடுகிறார். பாதி ஊர் கப்பலிலும் வளைகுடாவிலும் இருக்கிறது. பூ வைத்த சட்டத்துக்குள் இறந்தவர் படத்தைப் போட்டு லிங்க் வரும். பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஸ்டூடியோக்காரர் கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "வெளிநாட்டுல உள்ளவங்க பாத்துக்கிடுங்க," என்பார். அதற்குப் பிறகுதான் மூடுவார்கள். பக்கத்தில் அழுகிறவர்கள்கூட அந்த நேரம் கொஞ்சம் விலகி இடம் கொடுப்பார்கள்.

டெல்சி அதைக் கிளினிக்கின் ஸ்டோர் ரூமில், சலைன் பெட்டிகள் மேல் உட்கார்ந்து பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் நோயாளி பார்த்துக்கொண்டிருந்தார். இயர்போனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அதனால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்த்தாள். அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தவர். பேண்டு அறைச் சாவி அவர் இடுப்பில்தான் கிடக்கும். அதனால் சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்துப் பேண்டையே அனுப்பியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை போட்ட பெண்பிள்ளைகள் பெட்டிக்கு முன்னால் இரண்டு வரிசையாக நடந்தார்கள். கன்னங்கள் உப்பின, வற்றின. டிரம் குச்சிகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. ஒரு சத்தமும் இல்லை. கேமரா அப்பா முகத்துக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் அசையாமல் நின்றது. அது தனக்காகத்தான் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பார்த்துக்கொண்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு அடுத்த நோயாளிக்கு டிரெஸ்ஸிங் செய்யப் போனாள்.

அதே நேரத்தில் வீட்டில் ரெமிஷா டீவியில் போட்டு, முழுச் சத்தத்தோடு பார்த்திருக்கிறாள்.

இப்போது அவள் மவுத்பீஸைச் சட்டை நுனியில் துடைத்தபடி வெளியே வந்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பாட்டு எப்பலேர்ந்து ஊதுத?" என்று டெல்சி கேட்டாள்.

"தாத்தா ஃப்யூனரல்லேர்ந்து. டெய்லி." அவளுக்கு ஏதோ பிடிபடவில்லை. "நீ கேட்டுட்டுதானம்மா இருந்த? ஐ தாட் யூ நியூ. நீ ஒரு தடவகூட ஸ்டாப் பண்ணச் சொல்லல. சோ, உனக்கு அது வேணும்னு நெனச்சேன். உனக்காகத்தான் வாசிச்சேன்."

ஜான் பீட்டர் இன்னொரு ஷூவையும் கழற்றினான். டெல்சி அடுப்பைப் பற்ற வைத்து மீனைப் போட்டாள்.

சாப்பிடும்போதுதான் ரெமிஷா அதைச் சொன்னாள். ஊரில் தாத்தா வேலை பார்த்த அந்தப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு சேர வேண்டும் என்றாள். கிளிட்டஸ் மாமாவிடம் ஏற்கெனவே பேசிவிட்டாளாம். மாமா வீட்டில் தங்கிக்கொள்ளலாம். திங்கட்கிழமை பெயர் கொடுக்க வேண்டும், பேண்டில் இடம் உண்டாம். பத்தாம் வகுப்பு முடிந்து இங்கே ஏப்ரலிலேயே பதினொன்று தொடங்கிவிட்டது. அவளும் ஒன்றும் சொல்லாமல் போய்க்கொண்டுதான் இருந்தாள். பேண்டு இருக்கிறதென்று போன மாதம் அல் ஐனில் ஒரு பள்ளிக்கூடத்தையும் மூவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பெரிய அரங்கம், புதிதான வாத்தியங்கள், பாதிப் பாட்டு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. அங்கே சேர்த்தால் டெல்சி வேலையை மாற்றிக்கொண்டு அல் ஐனுக்கே போகலாம், மகள் கூடவே இருப்பாள் என்று பேச்சு. திரும்பி வருகிற வழியில் ரெமிஷாவிடம் நன்றாக இல்லையா என்று கேட்டதற்கு, "இட்ஸ் ஓகே," என்றாள்.

"அது கவர்மென்ட் உதவி பெறுத பள்ளிக்கூடம் மக்ளே," என்றான் ஜான் பீட்டர். "ஏசி கெடையாது, பாத்துக்க. வெயில்ல நிக்க வச்சு ஊதச் சொல்லுவாவ."

"இங்க மட்டும் வெயில் இல்லியாப்பா?"

"இங்க வெயில நீ ஜன்னல் வழியாத்தான பாத்திருக்க."

அவள் சிரித்தாள். டெல்சி தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அந்தப் பேண்டு?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பது போலவே கேட்டாள்.

ரெமிஷா யோசித்தாள். "அன்னைக்கி எல்லாரும் அழுதாங்கள்ல, மாமா, அத்தை, எல்லாரும். அவங்க மட்டும் அழல. ரெண்டாவது லைன்ல ஒரு அக்கா இருந்தாங்க. தாத்தாவ அவங்களுக்கு நல்லாத் தெரியும் போல. அவங்க ஃபேஸ் அப்படியே... பட் ஒரு நோட்கூட மிஸ் ஆகல. மாமாகிட்ட கேட்டேன். அழுதா ஊத முடியாதாம். மூச்சு வராதாம். அதனால முடிச்சிட்டுத்தான் அழுவாங்களாம்." தண்ணீர் குடித்தாள். "எனக்கு அப்படி வாசிக்கணும்."

டெல்சி, "பாப்போம்," என்றாள்.

சனிக்கிழமை காலை கிளிட்டஸ் பள்ளிக்கூட மைதானத்திலிருந்தே போட்டிமில் வீடியோவில் வந்தார். பாதி முகம், பாதி வானம். "இவ வந்தா எங்க தெருவுல உள்ள நாயெல்லாம் அடுத்த ஊருக்குப் போயிரும், மாப்ள," என்று ஜான் பீட்டரிடம் சிரித்தார். பிறகு போனைத் திருப்பினார். வேப்ப மரத்தடியில் பிள்ளைகள் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சீருடை இல்லை, சுடிதாரும் செருப்புமாக இருந்தார்கள். ஒருத்தி பெரிய டிரம்மின் மேல் டிபன் பாக்ஸை வைத்திருந்தாள். பின்னால் பேண்டு அறைக் கதவு திறந்து கிடந்தது.

"அப்பா இருக்கும்போது அந்தக் கதவுக்கு எண்ண போட்டு வச்சிருப்பாவ," என்றார் கிளிட்டஸ். "இப்ப தொறந்தா ஊருக்கே கேக்கும்." பிறகு, வாசிக்கப் போகிறார்கள் என்றதும், போனைத் தூக்கிப் பிடித்தார். "பாத்துக்கிடுங்க," என்றார்.

அவர் சாவு நேரலையை நினைத்துச் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் வாயில் வந்துவிட்ட சொல். ஜான் பீட்டர் மட்டும் டெல்சியைத் திரும்பிப் பார்த்தான். பிள்ளைகள் ஊதத் தொடங்கியதும் லைன் விட்டுவிட்டு வந்தது. ஒரு துண்டுச் சத்தம், ஒரு நிறுத்தம், உறைந்த கன்னங்கள். ரெமிஷா போனுக்கு வெகு பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, விட்டுப்போன இடங்களையெல்லாம் தன் மவுத்பீஸில் ஊதி நிரப்பினாள். எந்த இடத்தில் விட்டுப்போகும் என்று முன்பே தெரிந்தவள் போல.

மாலையில் பால்கனியில் துணி எடுக்கும்போது ஜான் பீட்டர் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரெண்டு வருஷம்தான டெல்சி."

"ம்."

"ம்-னா சரியா, இல்லியா? ஒவ்வொரு ம்-முக்கும் அர்த்தம் எழுதி ஒரு புத்தகம் போட்டாத்தான் எனக்கு விளங்கும்."

அவள் ஒரு சட்டையை மடித்தாள். "நீங்க ருவைஸுல. அவ ஊருல. நான் இங்க," என்றாள்.

அவன் வேட்டியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்தார்கள். கீழே யாரோ இரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள், பொறிகள் தெரிந்தன. தனக்கு இப்போது வருத்தமாக இருக்க வேண்டும் என்று டெல்சி நினைத்தாள். மகள் போகிறாள் என்றால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அறிகுறிகள் எல்லாம் தெரியும். நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது போலக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றான் அவன். "உங்கப்பா இருந்த பள்ளிக்கூடம். உங்க அண்ணன் வீடு. நீதான் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை அவன் ருவைஸுக்கு பஸ் ஏறினான். திங்கட்கிழமை காலை ரெமிஷா பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மவுத்பீஸைக் கழுவும் தொட்டியருகே வைத்துவிட்டுப் போனாள். டெல்சிதான் தினமும் அதை வெந்நீரில் கழுவி வைப்பாள். நர்ஸ் புத்தி. கழுவி, துடைத்து, எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனாள்.

பதினொரு மணி வாக்கில் போன் அதிர்ந்தது. கிளிட்டஸ். கூட வேலை செய்கிற ஜெயபாரதியிடம் ஒரு நிமிடம் என்று கைகாட்டிவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஆபீஸ் ரூம்லதான் நிக்கேன்," என்றார் அண்ணன். "சிஸ்டர் கேக்காவ. பிள்ளையச் சேக்கவா, இல்ல இருக்கட்டுமா? நீ யோசிச்சிச் சொல்லு. சாயங்காலங்கூடச் சொல்லலாம், அவசரம் இல்ல."

"சேத்துருங்கண்ணே," என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் கேட்டது. அதே குரல். அதே வேகம். பிப்ரவரியில் எடுத்துருங்கண்ணே என்ற அதே குரல். அந்தப் பக்கம் கிளிட்டஸுக்கும் கேட்டிருக்கலாம். "சரிட்டி," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

டெல்சி சலைன் பெட்டிகள் மேல் உட்கார்ந்தாள். காரணங்கள் வந்து வரிசையில் நிற்பதற்காகக் காத்திருந்தாள். இந்த முறை ஒன்றும் வரவில்லை. போனில் அந்த நேரலை லிங்க் இன்னும் இருந்தது. பூச்சட்டத்துக்குள் அப்பா. அழுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் யாரையோ இருமச் சொன்னார். சத்தத்தைக் கூட்டவில்லை.

வெள்ளைச் சட்டைகள் திரும்பி வந்தன. இரண்டாவது வரிசையில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தாள். ஒல்லியானவள், இரட்டைச் சடை. கன்னம் உப்பியது. அந்தக் கணத்தில் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பது டெல்சிக்குத் தெரிந்தது. மூன்று மாதமாகச் சுவர் வழியே வந்துகொண்டிருந்தது, கேட்காமலே உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. இங்கே ஏறும். இங்கே ஒரு கணம் நிற்கும். பிள்ளைகள் நின்றார்கள். இங்கே இறங்கும்.

பையிலிருந்து மவுத்பீஸை எடுத்தாள். உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. மகள் வைப்பது போல உதட்டின் நடுவில் வைத்தாள். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு ஒரு வண்டு, மிகச் சின்ன வண்டு, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் எழுந்தது. ஏறியது. நின்றது.

இறங்க வேண்டிய இடத்தில் மூச்சு வரவில்லை.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். "அக்கா," என்றாள் ஜெயபாரதி, "ஒரு குழந்த வந்திருக்கு, ஊசிக்கு." மடியில் கிடந்த போனில் இரட்டைச் சடைக்காரி கன்னம் நிறைய மூச்சோடு, கேமராவைத் தாண்டி, சத்தமில்லாமல் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.