டிரம்ஸ் நிற்கவில்லை

எங்கள் கச்சேரி வீடியோவின் டீசரில் முப்பத்தெட்டாவது நொடியில் விழும் கிக் டிரம் அடிக்கு ஒரு மணி நேரத்திலேயே ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். 'புது டிரம்மர் வேற லெவல்' என்று ஒருத்தன். 'நெஞ்சுக்குள்ள இடிக்குது ப்ரோ' என்று இன்னொருத்தன். அதற்கு இதயம் இதயமாகப் போட்டிருந்தார்கள். எல்லாம் சென்னை, பெங்களூர்ப் பிள்ளைகள். எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணில் படுவதற்குள் டீசரை எடுத்துவிடும்படி ராம்குமாருக்கு போன் போட்டேன். அவனும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவனுக்கும் தெரியும் என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் பேண்டின் பெயர் கரிமருந்து. தொண்ணூற்றெட்டில் சிவகாசியில் ஆரம்பித்தோம். ராம்குமார் பாட்டும் கிட்டாரும். நான் சுஃபியான், பேஸ் கிட்டார். வயிற்றுப்பாட்டுக்கு அத்தா விட்டுப்போன லேபிள் பேப்பர் கடை. டிரம்ஸ் பொன்ராஜ். சர்ச்சில் அடித்துப் பழகியவன், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பட்டாசு ஊரில் ராக் பேண்டா, இருக்கிற சத்தம் பத்தாதா என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்கள் பாதிப் பேர் பிறகு முன்வரிசையில் வந்து உட்கார்ந்து தலையாட்டினார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறெந்த ஊர் பேண்டிலும் இருக்காது. வாசித்துக்கொண்டிருக்கும்போது வெளியே எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் பொன்ராஜ் சட்டென்று நிறுத்திவிடுவான். பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் சரி. இரண்டு குச்சியையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். அவனுடைய அம்மா ஒரு கம்பெனி விபத்தில் போனவள். அன்றைக்கு ஊரில் பொங்கல் விழா, மேளச் சத்தத்தில் வெடி யாருக்கும் கேட்கவில்லை, ஆட்கள் போகவே ஒரு மணி நேரம் ஆனது. "என் அடியில எவன் வீட்டுச் சத்தமும் அமுங்கக் கூடாதுலே" என்பான்.

இருபத்தாறு வருடத்தில் ஐந்து தடவை நிறுத்தியிருக்கிறான். ஐந்து தடவையும் வெளியே நிஜமாகவே வெடித்திருந்தது. அதனால் இந்த வட்டாரத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. எங்கள் கச்சேரியில் 'டொம்' என்று கேட்டால் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், டிரம்ஸைப் பார்ப்பார்கள். நின்றுவிட்டால் எழுந்து கம்பெனிப் பக்கம் ஓட வேண்டும். நிற்கவில்லை என்றால் அது எங்கள் சத்தம், உட்கார்ந்து ரசிக்கலாம்.

அவனை பேண்டிலிருந்து நான்தான் நிறுத்தினேன். பொன்ராஜுக்கு இடது காது மந்தமாகிவிட்டது. தாளம் இழுத்தது. நல்லதாக ஒரு கச்சேரி வீடியோ எடுத்து யூடியூபில் போட்டால் வெளியூரில் கூப்பிடுவார்கள், ஐம்பது வயதில் கடைசி வாய்ப்பு என்று ராம்குமார் சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் கண் தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து முத்துக்கிருஷ்ணன் என்று ஒரு டிரம்மரைப் பிடித்தோம். இருபத்தாறு வயது, கடிகாரம் மாதிரி அடிப்பான்.

விஸ்வநத்தம் விலக்கில் ஒரு டீக்கடையில் வைத்துப் பொன்ராஜிடம் சொன்னேன். "இந்த ஒரு ஷோவுக்கு மட்டும்" என்று பொய்யும் சேர்த்துச் சொன்னேன். அவன் டீயைக் குடித்து முடித்தான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"சரிலே. அந்தத் தம்பிகிட்ட நிறுத்துறதை மட்டும் சொல்லிக் குடுத்துரு. வெளியூர்க்காரன், அவனுக்குத் தெரியாது."

"சொல்லிருதேன்" என்றேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். உண்மை என்னவென்றால், ஒத்திகையில் இரண்டு தடவை ஞாபகம் வந்தது. இந்த நாகரிகமான பையனிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது, நம்மைப் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவானோ என்று வெட்கமாக இருந்தது.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு ஐந்து வாரம் முன்னால். ஏழாயிரம்பண்ணைக்கு இந்தப் பக்கம் ஒரு காய்ந்த புஞ்சையில் மேடை போட்டோம். போலீஸ் ஆறு மணி வரைக்கும்தான் அனுமதி தந்ததால் மூன்று மணிக்கே ஆரம்பித்தோம். ஐந்து கேமரா. மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மூன்று மடங்காகக் கறுப்புத் துணி. அந்தத் துணி, கம்பெனிகள் இருக்கும் மேற்கு முழுவதையும் மறைத்துவிட்டது. கூட்டம் எழுநூறு பேர் இருக்கும், பாதி பேர் கம்பெனி வேலைக்காரர்கள். பொன்ராஜ் வரவில்லை. சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் அவன் கம்பெனி ஓடியது. அவன் மனைவி இசபெல் வந்திருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். புருஷனை பேண்டிலிருந்து எடுத்த பிறகும் அவள் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தது என் மூஞ்சியில் அறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது பாட்டு நடுவில் அந்தச் சத்தம் வந்தது. கிட்டத்தட்ட தாளத்தின் மேலேயே விழுந்தது. முத்துக்கிருஷ்ணன் இரண்டு காதையும் அடைத்து இயர்போன் மாட்டியிருந்தான், அவனுக்கு உலகமே கேட்காது. ராம்குமார் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான். நான் பழைய ஆள், ஒரு காதைத் திறந்துதான் வைத்திருப்பேன். காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். துணிக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் புகை தெரிந்தது, வெள்ளையாக, ஒன்றரை மைல் தள்ளி.

கழிவு வெடிமருந்தை எரிக்கிறார்கள் என்று எனக்கு நானே சொன்னேன். கம்பெனிகளில் அப்படி எரிப்பதுண்டு. ஞாயிற்றுக்கிழமை எரிப்பார்களா, எரித்தால் தரை அதிருமா என்றெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதினோரு நிமிடம் கழித்து ஒரு வேன் டிரைவர் கத்திக்கொண்டு ஓடிவந்தான். பிறகு நடந்தது பேப்பரில் வந்தது. பொன்ராஜின் கம்பெனிதான், மூன்று பேர் பலி. பொன்ராஜை ஷெட்டுக்கு வெளியே கண்டெடுத்தபோது உயிர் இருந்தது. மதுரை போகும் வழியில் போய்விட்டான்.

வீடியோவைப் போட வேண்டாம் என்று நான் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படிச் சொல்லவில்லை. நாற்பது நாள் கழித்து, பொன்ராஜ் நினைவாகப் போடலாம் என்று ராம்குமார் சொன்னபோது தலையாட்டினேன். டீசர் விவகாரத்துக்குப் பிறகு, என் கடை மாடியில் ராம்குமாரின் கம்ப்யூட்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்து அந்த இடத்தை வெட்டினோம். டீசரில் கிக் டிரம் என்று கொண்டாடப்பட்ட அந்த வெடிச்சத்தத்தைத் துடைத்து, முந்தின சுற்றின் டிரம் அடியை ஒட்டினோம். நான் திரும்பிப் பார்க்கும் காட்சி மூன்றாவது கேமராவில் பளிச்சென்று இருந்தது. பார்க்கிறேன், முகம் மாறுகிறது, திரும்புகிறேன். அதை எடுத்துவிட்டு முத்துக்கிருஷ்ணனின் கையைப் போட்டோம். இரண்டாவது கேமராவில் கூட்டம். அதைப் பார்த்துவிட்டு ராம்குமார் எழுந்து வெளியே போனான். முப்பது நாற்பது பெண்கள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருக்கிறார்கள். டிரம்ஸைப் பார்க்கிறார்கள். மறுபடி உட்கார்ந்துகொள்கிறார்கள். அதையும் வெட்டினேன்.

மறுநாள் மத்தியானம் இசபெல் கடைக்கு வந்தாள். வெள்ளைச் சேலை, டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள்.

"வாம்மா, உக்காரு. சாப்பிட்டியா?"

"ஆச்சுண்ணே. வீடியோ ரெடின்னு ராம்குமாரண்ணன் வீட்டுல சொன்னாக. போடுறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாக்கணும்."

"முழுசுமா?"

"நாலாவது பாட்டு மட்டும்."

மாடிக்குக் கூட்டிப்போய், வெட்டிய பிரதியைப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். நாடி பார்க்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பது போல, இமைக்காமல் திரையைப் பார்த்தாள். பாட்டு முடிந்தது. மறுபடி போடச் சொன்னாள். அதுவும் முடிந்தது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமே இல்லியேண்ணே."

"இல்லம்மா" என்றேன். தப்பித்தோம் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடிக்காக என்னை எதனால் அடித்தாலும் தகும்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் கேட்டிருக்கு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"எனக்குக் கேட்டுச்சுண்ணே. டொம்முன்னு. எந்திரிக்கப் போனேன். டிரம்ஸ் நிக்கலை, உக்காந்துட்டேன். பெறகு பக்கத்துல இருந்தவளுகளை எல்லாம் கேட்டுப் பாத்தேன். ஒருத்தியும் கேக்கலைங்கிறா. கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிடுதாளுக. சரி, வீடியோல இருக்கும், எல்லாருக்குந்தான் கேட்டிருக்கும், நான் மட்டுமில்லன்னு நெனச்சு வந்தேன். இதுலயும் இல்ல." மடியிலிருந்த ஹெட்போனை இறுக்கிப் பிடித்தாள். "கர்த்தர் எனக்கு மட்டும் கேக்க வச்சிருக்காருண்ணே. எனக்கு மட்டும். நான் உக்காந்து கை தட்டியிருக்கேன்."

என் முகத்தைக் காப்பாற்ற வெட்டிய வெட்டு அவள் கழுத்தில் போய் விழுந்திருக்கிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவாள், சாகும்வரை அதைச் சுமப்பாள், என் பக்கம் திரும்பவே மாட்டாள். அந்த வழி எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரிந்தது. சுலபமான வழியில்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

"இரும்மா" என்றேன். வெட்டாத பிரதிகள் தனியாக இருந்தன. தப்பான ஃபைலை இரண்டு தடவை திறந்தேன். முதலில் இரண்டாவது கேமரா. சத்தம் ஸ்பீக்கரில் அறை முழுக்க இடித்தது. மூன்றாவது வரிசையில் இசபெல் எழுந்திருக்கிறாள். அவளோடு முப்பது நாற்பது பேர் எழுந்திருக்கிறார்கள். எல்லோரும் உட்காருகிறார்கள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எல்லாருக்கும் கேட்டிருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"இன்னொண்ணு இருக்கும்மா" என்று மூன்றாவது கேமராவைப் போட்டேன். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன். போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திரையில் என் முகம் பெரிதாக வந்தது. மேற்கே திரும்பினேன். வாய் லேசாகத் திறந்தது. பிறகு திரும்பி, குனிந்து, வாசித்தேன்.

இசபெல் அழுகையை நிறுத்திவிட்டாள். "மறுபடி" என்றாள். போட்டேன். மறுபடி என்றாள். போட்டேன்.

"உங்களுக்குப் புகை தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுது."

"அவரு எங்கிட்ட சொன்னாரு, அந்தத் தம்பிகிட்ட நிறுத்துறதைச் சொல்லிக் குடுக்க சுஃபியான்கிட்ட சொல்லியிருக்கேன், நீ தைரியமாப் போயிட்டு வான்னு."

"நான் சொல்லலம்மா."

"சரி. அந்தத் தம்பிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல. நீங்க ஏன் நிறுத்தலை?"

கழிவு மருந்து கதை வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "டேக் நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சு" என்றேன்.

"என்ன?"

"ரெக்கார்டிங். அதுவரைக்கும் ஒரு தப்புகூட வரலை. நிறுத்தினா மறுபடி முதல்லருந்து எடுக்கணும்."

அவள் ஹெட்போனை மடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். கீழே தெருவில் லோடு ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"எம்பது பெர்சென்ட்டு தீக்காயம்" என்றாள். நர்ஸ் பேசும் குரல். "பதினோரு நிமிஷம் முன்னாடி போயிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாரு. எனக்குத் தெரியும். ஆனா நான் பக்கத்துல இருந்திருப்பேன். தண்ணி, தண்ணின்னு கேட்டுக்கிட்டே கிடந்தாராம். வேன்ல வந்தவுகதான் சொன்னாக. வாயை நனைச்சிருப்பேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

இசபெல் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். பையை எடுத்தாள்.

"வீடியோவைப் போடுங்க. வெட்டாமப் போடுங்க. அந்தப் பொம்பளைகளும் பாக்கட்டும், எல்லாரும் எந்திரிச்சாங்கன்னு தெரியட்டும். ஒவ்வொருத்தியும் தனித்தனியா சாக வேண்டாம்."

"போட்டுருதேன்ம்மா. அந்த மூணாவது கேமரா... என் மூஞ்சி மட்டும்..." என்று இழுத்தேன். அவ்வளவுக்கும் பிறகு அதைக் கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

படி இறங்கப் போனவள் நின்று திரும்பினாள். இருபத்தாறு வருடமாக அண்ணே என்று கூப்பிட்ட வாய்.

"அதுக்காகத்தான் போடச் சொல்றேன் சார்" என்றாள்.